கிறிஸ்டியான்ஸ்போர்க் வாசலில் ஒரு திகதி

– அதில நில்லாதையும், மலர். கமராவில முகம் இருட்டாத் தெரியும். இஞ்சாலை வாரும், இந்தப் படியில.

– இப்பவே ஏனப்பா நிக்க வேணும்? ரெண்டு மணிக்கெண்டு தானே அந்த ரீவீப் பொம்பிளை சொன்னவ. இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்கு.

– முன்னுக்கே வந்து நிண்டு பழகினால் நல்லது. அவையள் வந்தாப் பிறகு பதறக்கூடாது. பாலேந்திரா கமராவுக்கு முன்னால நாக்குத் தடுமாறினான் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது, விளங்குதோ?

– குளிருது.

– தை மாசம் கொப்பன்ஹேகனில வேர்க்குமோ? கையுறையைப் போடும். பிள்ளையை மேரிசெலினிட்டை விட்டனீரோ?

– ஓம். நிறோஷினி அழுதுகொண்டு தான் போனவள். நானும் வாறன் எண்டு டேனிசில ஒரே கத்தல்.

– வந்திருக்கலாம். தமையனைப் பற்றி அப்பா ரீவீயில கதைக்கிறதை அவளும் பாத்திருக்கலாம்.

– அவளுக்கு ரெண்டரை வயசு.

– சரி, பின்னேரம் வீட்டில பாக்கட்டும். பிரெடெரிசியாவில கந்தையா அண்ணை வீடியோவில கசெற் போட்டு வைச்சிட்டார், செய்தியைப் பதியிறதுக்கு.

– அவருக்கும் சொல்லிப்போட்டியளோ?

– எல்லாருக்கும் சொன்னனான். ஏன் சொல்லக்கூடாது? விசாரணை அறிக்கை இண்டைக்கு வெளியில வந்திட்டுது. ஆறாயிரம் பக்கமாம். குடும்பங்களைக் கூப்பிடுறதுக்குத் தமிழ் ஆக்கள் போட்ட விண்ணப்பங்களை வேணுமெண்டு மறிச்சு, எல்லாத்துக்கும் அடியில தள்ளி வைச்சது சட்டத்துக்கு மாறு எண்டு நீதவான் எழுதிப்போட்டார். பாரும், எத்தினை பத்திரிகைக்காரர் ஓடித் திரியினம் எண்டு. இந்தக் கட்டடமே ஆடுது.

– எனக்கு ஆடுற மாதிரித் தெரியேல்லை. கல்லு மலை மாதிரி நிக்குது.

– தோல் தான் கல்லு. உள்ளுக்கை கம்பி போட்ட கொங்கிறீற்று. அஞ்சு வருசமாத் துடைக்கிறன், எனக்குத் தெரியாதே.

– அதென்ன, வாசலுக்கு மேல முகத்தைச் சுழிச்சுக்கொண்டு நாலு பேர்?

– அதோ? அது இஞ்சத்தைப் பகிடி. தலையிடி, காதுக்குத்து, பல்லுக்கொதி, வயித்துக்குத்து. நாலு வருத்தத்தையும் கல்லில வெட்டி வைச்சிருக்கினம். இந்த ஃபொல்கெதிங்குக்குள்ள, இவையளின்ர பாராளுமன்றத்துக்குள்ள, போற எந்த எம்பியும் இதில ஏதோ ஒண்டோட தான் திரும்பி வருவான் எண்டு நாங்கள் கிளீனிங்காரர் கதைக்கிறனாங்கள்.

– எங்கட வருத்தத்துக்கு ஒண்டையும் காணேல்லை.

– அதுக்குத் தான் நான் இண்டைக்கு இதில நிக்கிறன்.

– நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிட்டால்? இதே வாசலால தானே போய் வாறியள்.

– சொல்லட்டும். எண்பத்தெட்டில இருந்து இந்தப் படியைத் துடைச்சவன் நான். நீர் கொழும்பில லொட்ஜ் அறையில கிடந்தனீர். நான் இஞ்சை இவையளின்ர சப்பாத்து அடையாளத்தைத் துடைச்சுக்கொண்டு நிண்டனான். எண்பத்தொன்பது சித்திரையில பிரதமர் உள்ளுக்கை எழும்பி நிண்டு, எங்கட விசயத்தில கம்பளத்துக்குக் கீழ ஒண்டையும் கூட்டித் தள்ளி மறைக்கேல்லை எண்டு சொன்னவர். அடுத்த நாள் வேலைக்கு வந்து நாங்கள் ஆளையாள் பாத்துச் சிரிச்சம். கம்பளம் கூட்டுறவை நாங்களெல்லோ, எங்களைக் கேட்டிருக்கலாமே எண்டு.

– சிரிச்சனீங்களோ?

– சிரிக்காமல் என்ன செய்யிறது? அழுதால் சுப்பவைசர் கேப்பான்.

– எனக்கு உதை நீங்கள் சொன்னதே இல்லை.

– நீர் அப்ப இஞ்சை இல்லையே.

– ஓம். நான் அப்ப இஞ்சை இல்லை.

– அதைத் தான் முதல் சொல்லப்போறன். வசனம் எல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறன். என்ர பேர் பாலேந்திரா. என்ர மகன் துஷாந்தன் நாலு வயசில யாழ்ப்பாணத்தில ஷெல் விழுந்து செத்தவன். ஷெல்லை அடிச்சது ஒரு ஆமி. ஆனால் அவனைக் கொன்றது இந்த நாட்டில ஒரு மேசை. அந்த மேசையில எங்கட பேப்பர் எட்டு மாசம் கிடந்தது. எப்பிடி?

– கொன்றது எண்டே சொல்லப்போறியள்?

– வேற என்னெண்டு சொல்லுறது? நீரே யோசியும். எண்பத்தேழு தையில எனக்கு விசா கிடைச்சுது. மாசி முதல் கிழமை உமக்குப் படிவம் அனுப்பினன். ஒரு நாள் சுணங்கினனானோ?

– இல்லை.

– நீர் கையெழுத்து வைச்சு, கலியாணப் பதிவும் பிள்ளையின்ர பிறப்புப் பத்திரமும் வைச்சு உடன அனுப்பினீர். பங்குனிக்குள்ள பேப்பர் இஞ்சை வந்திருக்க வேணும். அந்த நேரம் மற்ற ஆக்களுக்கு மூண்டு நாலு மாசத்தில விசா வந்தது, என்னோட அகதிக் கம்பில இருந்தவையின்ர குடும்பங்களுக்கே வந்தது. அப்ப ஆவணிக்கு முதல் நீரும் பிள்ளையும் கஸ்ட்ரப் எயாப்போட்டில வந்து இறங்கியிருப்பியள். ஐப்பசியில அவன் ஷெல் விழுந்த அந்தக் கோயில் மண்டபத்தில இருந்திருப்பானோ? சொல்லும்.

– இருந்திருக்க மாட்டான்.

– அவ்வளவு தான். இதுக்கு மேல எனக்கு ஒரு வசனமும் தேவையில்லை.

– இஞ்சருங்கோ, அந்த வளைவுக்குள்ள போய் நிப்பம். காத்து முகத்தில வெட்டுது.

– சரி வாரும். உமக்கு ஒரு சாமான் காட்டுவம். திங்கக்கிழமை லோயர் தந்தவர். கமராவுக்கு முன்னால தான் முதல் விரிக்கிறது எண்டு வைச்சிருந்தனான், பரவாயில்லை, நீரும் பாரும்.

– என்ன இது?

– எங்கட ஃபைலில இருந்து ஒரு பக்கம், போட்டோக்கொப்பி. கேட்டால் குடுக்கத் தான் வேணும் எண்டு சட்டம் இருக்கு. நீர் நிரப்பின படிவம் தான். உம்மட கையெழுத்துத் தெரியுதோ? அதுக்கு மேல வலப்பக்கம் பாரும், முத்திரை.

– ஒன்பது. பத்து. எண்பத்தேழு.

– ஐப்பசி ஒன்பது! மாசியில அனுப்பின பேப்பருக்கு ஐப்பசியில முத்திரை. எட்டு மாசம் ஒளிச்சு வைச்சிட்டு, இப்ப தான் வந்தது எண்டு காட்டுறதுக்குப் பிறகு குத்தியிருக்கிறாங்கள். கள்ளத் திகதி. லோயர் கூட நம்பேல்லை. தபாலில சுணங்கியிருக்கலாம், வடிவா விசாரிச்சுப்போட்டுக் கதையும் எண்டு சொல்லுறார். டேனிஸ்காரனெல்லோ. ரீவீக்காரி கேட்டிட்டு, அப்பிடியே கொண்டுவாங்கோ, பெரிய விசயம் எண்டு சொன்னவ.

– மற்றப் பக்கங்கள் எங்கை?

– வீட்டில. அது ஒண்டும் தேவையில்லை, இது காணும். ஏன் அதை நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கிறீர்?

– குளிர் எண்டு சொன்னனானெல்லே.

– தாரும் இஞ்சை, கசக்கப்போறீர்.

– இஞ்சருங்கோ, இந்தக் கட்டடம் எப்ப கட்டினது?

– இப்பவோ அதைக் கேக்கிறது?

– சொல்லுங்கோவன். மூண்டரை வருசமா வேலையால வந்து கிறிஸ்டியான்ஸ்போர்க், கிறிஸ்டியான்ஸ்போர்க் எண்டு தான் கதைக்கிறியள். நான் ஒருநாளும் வடிவாக் கேட்டதில்லை.

– நான் சொல்லத் தொடங்கினால் நீர் குசினிக்குள்ள போறனீர். சரி, நேரம் இருக்குத் தானே. இது இந்தப் பேரில மூண்டாவது. முதல் ரெண்டும் எரிஞ்சு போச்சு. ஆயிரத்து எழுநூற்றித் தொண்ணூற்று நாலில ஒண்டு. திரும்பக் கட்டினவை. ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நாலில அதுவும் எரிஞ்சுது. அங்காலை குதிரை லாயமும் குதிரை ஓடுற முத்தமும் இருக்கெல்லோ, அது மட்டும் ரெண்டு நெருப்பிலயும் தப்பினது. ராசா இருந்த மாளிகை சாம்பல், குதிரை இருந்த இடம் அப்பிடியே கிடக்கு.

– என்னெண்டு எரிஞ்சது? சண்டையோ?

– சண்டை ஒண்டுமில்லை. அறையளைச் சூடாக்கிற அடுப்பில இருந்து பிடிச்சதாம்.

– அடுப்பு நெருப்பு ஒரு மாளிகையை எரிக்குமோ? ஒருத்தருக்கும் முதல் மணக்கேல்லையோ?

– சுவருக்குள்ளால புகைஞ்சு வந்திருக்கும். ஆருக்கோ மணந்திருக்கும். சொன்னால் தன்ர தலையில விழும் எண்டு பேசாமல் இருந்திருப்பான். நான் சும்மா சொல்லுறன், எனக்கென்ன தெரியும்.

– அப்பிடித் தான் இருந்திருக்கும்.

– இப்பவும் போன ஆனியில இவையளின்ர தேவாலயம், இந்தா இஞ்சால பக்கத்தில இருக்கிறது, அதின்ர கூரை எரிஞ்சு விழுந்ததெல்லோ. ரெண்டாவது நெருப்புக்குத் தப்பி நூறு வருசத்துக்கு மேல நிண்டது. உமக்குச் சொன்னனான், சப்பாத்தெல்லாம் கரிச் சேறோட வந்தனானே.

– ஓம், ஞாபகம். ரெண்டாந்தரம் எரிஞ்சாப் பிறகு உடன கட்டினவையோ?

– எங்கை! இருபது வருசத்துக்கு மேல இதில கருகின சுவர் தான் நிண்டது. ஆர் கட்டுறது, எப்பிடிக் கட்டுறது எண்டு சண்டை. பிறகு இதைக் கட்டேக்கை நாடு முழுக்க இருக்கிற கொம்யூன் எண்டுற ஊர்ச்சபையளிட்டைக் கல்லுக் கேட்டவை. எழுநூற்றி அம்பது கொம்யூன் கல்லுக் குடுத்ததாம். ஸ்கீவவில இருந்தும் வந்திருக்கும், பிரெடெரிசியாவில இருந்தும் வந்திருக்கும். குடியானவன் வயலுக்குள்ள கிண்டி எடுத்த கல்லு எல்லாம் வந்து இந்தச் சுவரில ஏறியிருக்கு. முதல் முதல் கேள்விப்படேக்கை எனக்குச் சந்தோசமா இருந்தது, தெரியுமோ? எல்லாற்றை கல்லும் இருக்கிற வீட்டுக்குள்ள எங்கட பேப்பருக்கும் ஒரு இடம் கிடைக்கும் எண்டு நினைச்சன்.

– இதுக்குக் கீழ என்ன?

– நீர் விடுறதா இல்லைப் போல.

– சொல்லுங்கோ.

– கீழ பழைய கோட்டையின்ர அடிச்சுவர் கிடக்கு. எண்ணூறு வருசத்துக்கு முந்தி ஒரு பிஷப் கட்டினது. இதுக்கு அத்திவாரம் கிண்டேக்கை தான் கண்டவை. அதுக்குப் பிறகு இருந்த மாளிகையில நீலக் கோபுரம் எண்டு ஒண்டு. ஒரு ராசாவின்ர மகளை அதில இருபத்திரண்டு வருசம் பூட்டி வைச்சவை. வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. புருசன் நாட்டுக்குத் துரோகம் செய்தான் எண்டு பெண்சாதிக்கு மறியல்.

– புருசன்?

– அவன் வெளிநாட்டில ஒளிச்சுத் திரிஞ்சவன். ஒரு வருசத்துக்குள்ள எங்கையோ ஆத்தில, வள்ளத்தில வைச்சுச் செத்துப்போனான்.

– அவவுக்கு ஆர் போய்ச் சொன்னது?

– என்னத்தை?

– புருசன் செத்ததை. கோபுரத்துக்குள்ள இருந்தவவுக்கு ஆர் சொன்னது? எத்தினை நாளைக்குப் பிறகு சொன்னது?

– அது எனக்குத் தெரியாது. நான் கிளீனர், மலர், சரித்திர வாத்தி இல்லை.

– துஷாந்தன் செத்தது உங்களுக்கு எப்ப தெரியும்?

– இதென்ன கேள்வி? கார்த்திகைக் கடைசியில. உம்மட தமையன் எழுதின கடிதம். ஏழு வரி. நீர் எழுதேல்லை.

– என்னால ஏலேல்லை.

– நான் அதை ஒருநாளும் பிழை சொன்னதில்லை.

– சொல்லியிருக்க வேணும். ஏன் எழுதேல்லை எண்டு நீங்கள் ஒருக்காக் கேட்டிருந்தால் நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்.

– என்ன சொல்லியிருப்பீர்?

– அந்தப் பேப்பரைக் காட்டாதையுங்கோ.

– ஏன்?

– காட்டாதையுங்கோ எண்டு சொல்லுறன்.

– மலர், ரெண்டுக்கு இன்னும் இருவது நிமிசம் தான் கிடக்கு. ஏதோ மனசில வைச்சுக்கொண்டு கட்டடம் எரிஞ்ச கதை கேட்டுக்கொண்டு நிக்கிறீர். சொல்லுறதைச் சொல்லும்.

– அந்தத் திகதி சரி.

– எந்தத் திகதி?

– ஐப்பசி ஒன்பது. கள்ளத் திகதி இல்லை. அண்டைக்குத் தான் அது இஞ்சை வந்து சேர்ந்திருக்கும்.

– மாசியில அனுப்பினது எப்பிடி...

– நான் மாசியில அனுப்பேல்லை.

– பங்குனியில அனுப்பினாலும்...

– பங்குனியிலயும் இல்லை. புரட்டாதிக் கடைசியில தான் அண்ணையிட்டைக் குடுத்து விட்டனான். அவர் கொழும்பில டேனிஸ் கொன்சல் கந்தோருக்குக் கொண்டுபோய்க் குடுத்தவர். அதுமட்டும் அது என்ர அலுமாரிக்குள்ள கிடந்தது.

– பகிடி விடுறீரோ?

– இந்த இடத்தில நிண்டு உதிலயோ பகிடி விடுவன்?

– அலுமாரிக்குள்ள.

– ஓம்.

– நிரப்பினதோ, நிரப்பாததோ?

– நிரப்பினது. வந்த அண்டைக்கே நிரப்பிட்டன். கையெழுத்தும் வைச்சன். திகதி போடுற இடத்தை மட்டும் விட்டு வைச்சன், குடுக்கேக்கையும் போடேல்லை.

– ஏன்? ஏன் மலர்?

– மெல்லக் கதையுங்கோ, பாக்கினம்.

– பாக்கட்டும்! ஏன் எண்டு கேக்கிறன்!

– எனக்கு வர விருப்பமில்லை.

– என்ன?

– ரீச்சர் வேலைக்கு நாலு வருசம் காத்திருந்தனான். அந்தத் தையில தான் நியமனம் வந்தது. உங்களுக்குத் தற்காலிகம் எண்டு எழுதினன். அது பொய். நிரந்தர வேலை. நான் வகுப்புக்குள்ள போக நாப்பது பிள்ளையள் எழும்பி நிண்டு வணக்கம் சொல்லுதுகள். உங்கட கடிதத்தில பனி, கம்ப், கழுவுறது, கூட்டுறது. உங்களைக் கண்டு ரெண்டு வருசம். உங்கட முகமே எனக்குக் கடிதத்தில இருக்கிற எழுத்து மாதிரித் தான் இருந்தது. ஒரு தவணை படிப்பிச்சிட்டு அனுப்புவம் எண்டு நினைச்சன். பிறகு சோதினை முடியட்டும் எண்டு நினைச்சன்.

– சோதினை.

– ஆடியில ஒப்பந்தம் வந்திட்டுது. இந்தியன் ஆமிக்கு மாலை போட றோட்டில நிண்ட சனத்தில நானும் ஒருத்தி. துஷாந்தனைத் தோளில வைச்சுக் காட்டினன். இனிச் சண்டை இல்லையடா, இனி அப்பா வந்திடுவார் எண்டு அவனுக்குச் சொன்னன். நாங்கள் போகத் தேவையில்லை, நீங்கள் வருவியள் எண்டு தான் நான் நினைச்சன். புரட்டாதியில எல்லாம் குழம்பத் தொடங்கத் தான் பயம் வந்தது. அண்டைக்கே எடுத்துக் குடுத்தன்.

– நீ அவனை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினனி.

– சொல்லுங்கோ.

– எட்டு மாசம்! நான் இஞ்சை தபால்காரனைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன். கந்தோரில போய்க் கேட்டால் அப்பிடி ஒண்டு வரேல்லை எண்டு சொல்லுறாங்கள். நான் அவங்களைப் பொய்யன், கள்ளன் எண்டு பேசிப்போட்டு வந்தன். அவங்கள் சொன்னது உண்மை! கேக்குதோ? உண்மை!

– அண்டைக்கு அவை சொன்னது உண்மை தான்.

– அஞ்சு வருசம் இந்தச் சுவரைப் பாத்துச் சபிச்சன். இந்தப் படியைத் துடைக்கேக்கை ஒவ்வொரு படிக்கும் ஒரு சாபம். நீ வீட்டில சோறு போட்டுத் தந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டு இருந்தனி. ஒரு வாய் திறக்கேல்லை!

– திறக்கத் தான் வந்தனான். கஸ்ட்ரப்பில இறங்கேக்கை எல்லாத்தையும் சொல்லிப்போட்டுக் காலில விழுறது எண்டு தான் வந்தனான். நீங்கள் என்னைக் கண்டு முதல் சொன்னது என்ன, ஞாபகம் இருக்கோ?

– இல்லை.

– எனக்கு இருக்கு. எங்கட பிள்ளையை இவங்கள் தான் கொன்றவங்கள், மலர் எண்டு சொன்னியள். நான் வாய் திறக்க முதல் எனக்கு ஒளிக்க ஒரு இடம் தந்திட்டியள். நான் அதுக்குள்ள போய் இருந்திட்டன். மூண்டரை வருசம் இருந்திட்டன்.

– இண்டைக்கு மட்டும் ஏன் வெளியில வந்தனி?

– அந்த முத்திரைக்காக. நீங்கள் வீட்டுக்குள்ள கத்தினால் எனக்கு மட்டும் தான் கேக்கும். அந்தப் பேப்பரை ரீவீயில காட்டினால், நாளைக்கு ஆரோ ஒருத்தன் என்ர அண்ணை கொழும்பில குடுத்ததுக்கான பற்றுத்துண்டைத் தேடி எடுப்பான். பாருங்கோ, தமிழர் பொய் சொல்லுறாங்கள் எண்டு எழுதுவான். ஸ்கீவவில குருசுமுத்து அண்ணையை யோசியுங்கோ. அவற்றை பேப்பர் உண்மையாவே அடியில கிடந்தது. மனிசி விசா வராமலே மன்னாரில செத்துப்போனா. எங்கட பொய்யால அவற்றை உண்மை சாகப்போகுது.

– பொய் சொன்னது நானில்லை.

– இல்லை. நான் தான். சொல்லுங்கோ, அதையும் கமராவில சொல்லுங்கோ. மனிசி தான் மறிச்சவள் எண்டு சொல்லுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன். ஆனால் இவை செய்தது ஒண்டு இருக்கு. அதை விட்டிடாதையுங்கோ.

– இனி என்ன இருக்கு?

– ஒன்பதாம் திகதிக்குப் பிறகு இருக்கு. அவனைக் கோயில் பின்வளவில ஒரு கதவுப் பலகையில வைச்சுத் தூக்கினவை. நான் தண்ணி அள்ளப் போனனான், திரும்பி வரேக்கை கையில வாளியோட நிண்டனான், வாளியைக் கீழ வைக்க வேணும் எண்டு கூட எனக்குத் தெரியேல்லை. ஆரோ வாங்கி வைச்சவை. மார்கழியில கொழும்புக்கு வந்தன். அதில இருந்து ஆனி மட்டும், ஒண்டரை வருசம், லொட்ஜ் அறையில. கிழமைக்குக் கிழமை போய்க் கேக்கிறது, இன்னும் முடிவு வரேல்லை எண்டு கேட்டிட்டு வாறது. அப்ப எங்கட பேப்பர் உண்மையாவே அடியில கிடந்தது. எனக்கு வேற ஒண்டும் வேண்டியிருக்கேல்லை. உங்களோட இருந்து அவனுக்காக அழ வேணும், அவ்வளவு தான். அவனைப் பெத்த ரெண்டு பேரும் ஒரு அறைக்குள்ள இருந்து அழ வேணும். அதுக்கு ஒண்டரை வருசம் மறிச்சினம். நான் இஞ்சை இறங்கேக்கை அழுகை முடிஞ்சு போச்சு. உங்களுக்குக் கோவம் மட்டும் தான் மிஞ்சிக் கிடந்தது. நாங்கள் ரெண்டு பேரும் அவனுக்காகச் சேர்ந்து அழுததே இல்லை. யோசிச்சுப் பாருங்கோ, ஒருநாள் அழுதனாங்களோ?

– இல்லை.

– அதைக் கேளுங்கோ இவையளிட்டை. அதுக்குப் பதில் சொல்லட்டும்.

– அலுமாரியில எந்தத் தட்டு?

– என்ன?

– படிவத்தை எந்தத் தட்டில வைச்சிருந்தனீர்?

– மேல் தட்டில. கூறைச் சீலைக்குக் கீழ.

– எடுத்துப் பாப்பீரோ?

– ஒவ்வொரு நாளும். நாளைக்கு அனுப்புவம், நாளைக்கு அனுப்புவம் எண்டு திரும்ப வைப்பன்.

– ஓம். அது அப்பிடித் தான். ஒரு நாள் பிந்தினால் அடுத்த நாள் இன்னும் கஷ்டம். ஏன் பிந்தினது எண்டும் சேர்த்து எழுத வேணுமெல்லோ.

– ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

– நேரம் என்ன?

– ரெண்டுக்கு அஞ்சு. நீங்கள் என்ன சொல்லப்போறியள்?

– அந்தப் பேப்பரை நீர் வைச்சிரும்.

– கிழிக்கட்டோ?

– வேண்டாம். கிழிக்காதையும். மடிச்சுக் கைப்பைக்குள்ள வையும்.

– அப்ப கமராவில என்னெண்டு சொல்லுவியள்? வீட்டை போவம், வாங்கோ. சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போவம்.

– இல்லை. கதைக்கத் தான் போறன்.

– என்னைச் சொல்லப்போறியளோ? சொல்லுங்கோ, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. எது எண்டு மட்டும் எனக்கு முன்னுக்கே சொல்லிப்போடுங்கோ.

– மலர், நில்லும். என்ர பக்கத்தில நில்லும். விட்டிட்டுப் போகாதையும்.

– நான் எங்கை போறது?

– திரு பாலேந்திரா? நான் தொலைக்காட்சியிலிருந்து கிர்ஸ்டன், தொலைபேசியில் பேசினோமே. மன்னிக்க வேண்டும், உள்ளே ஒரே குழப்பம். அரசாங்கம் இன்றே பதவி விலகும் என்கிறார்கள். இவர் உங்கள் மனைவியா?

– ஆம். தங்கமலர். இவருக்கும் டேனிஷ் புரியும். வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறார்.

– மிக நல்லது. இருவரும் படியில் நில்லுங்கள், பின்னால் வாசல் தெரியட்டும். நீங்கள் சொன்ன ஆவணம் கையில் இருக்கிறதா?

– அதை இன்று காட்டப்போவதில்லை.

– அப்படியா? ஆனால் அதற்காகத்தானே...

– அந்தத் திகதி சரியானது என்று தெரிந்துகொண்டேன். அந்தத் திகதிக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்கிறேன்.

– முன்னால் நடந்ததோ? இஞ்சருங்கோ, என்ன சொல்லுறியள்?

– சரி, அப்படியே ஆகட்டும். கமரா ஓடுகிறது. எளிதான கேள்வியிலிருந்து தொடங்குவோம். டென்மார்க்கில் தங்குவதற்கு உங்களுக்கு எப்போது அனுமதி கிடைத்தது?

– சொல்லுங்கோவன். தை மாசம் எண்டு சொல்லுங்கோ. எண்பத்தேழு தை.

– ஒரு நிமிடம் தாருங்கள். முதலில் என் மனைவியிடம் எங்கள் மொழியில் ஒன்று சொல்ல வேண்டும்.

– தாராளமாகச் சொல்லுங்கள்.

– மலர், எனக்கு விசா கிடைச்சது எண்பத்தேழு தையில இல்லை. அதுக்கு முதல் வருசம் பங்குனியில. பத்து மாசம் நான் அதை உமக்கு எழுதேல்லை.